‘டொக்டர்’ என்றார்கள், ‘ஓம்’ என்றேன்

போன மாதம் தர்சினி எனக்குத் தொலைபேசி எடுத்தாள். நான் முப்பது வருடம் இருந்த கதிரையில் இப்போது அவள்தான் இருக்கிறாள். கண் கிளினிக்குக்குப் பயிற்சிக்கென்று புதுப் பிள்ளைகள் வந்திருக்கிறார்களாம்.

“அண்ணை, கண் பகுதியிலை ஆர் ஆர் என்ன வேலை செய்யினம் எண்டு ஒரு ரெண்டு பக்கம் எழுதித் தாங்கோவன். இதுகள் கேற்றிலை நிக்கிறவரையும் டொக்டர் எண்டுதுகள்.”

ஓய்வுபெற்றவனுக்கு வேறு என்ன வேலை? அன்று பின்னேரமே எழுதி முடித்தேன். அடுத்த நாள் காலை தேத்தண்ணியோடு இருந்து வாசித்தபோது வெட்கமாக இருந்தது. அரசாங்கச் சுற்றறிக்கை மாதிரி எல்லாம் சரியாக இருந்தது. எழுதியவன் அதன்படி நடந்தானா என்பது மட்டும் அதில் இல்லை. கிழித்துப் போட்டேன். அதற்குப் பிறகு ஒரு இடத்துக்குப் போய்வர வேண்டியிருந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். போய்வந்த பிறகுதான் இதை எழுதுகிறேன். தர்சினி இதைப் பிள்ளைகளுக்குக் காட்டுவாளோ தெரியாது.

முதலில் அவள் கேட்டது. கண்ணில் நோய் இருக்கிறதா, என்ன நோய், மருந்தா வெட்டா என்று தீர்மானிப்பவர் கண் சத்திரசிகிச்சை நிபுணர். மருத்துவம் படித்து, அதற்கு மேலே கண்ணை மட்டும் பல வருடம் படித்தவர். துளி மருந்து விட்டு, கண்ணைக் கழுவி, ஆளைச் சத்திரசிகிச்சைக்கு ஆயத்தப்படுத்துகிறவர் தாதி. எங்கள் சனத்துக்கு மிஸ்ஸி. கடையில் வில்லையை வெட்டிப் பிரேமில் பூட்டி, மூக்கில் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பவர் ஒப்ரீசியன். இப்போது பட்டம் எடுத்துக்கொண்டு ஒப்ரோமெற்றிஸ்ற் என்று இளம் பிள்ளைகள் வருகிறார்கள். பார்வையை அளப்பதோடு, நோய் மாதிரி ஏதும் தெரிந்தால் பிடித்து நிபுணரிடம் அனுப்பவும் படித்தவர்கள்.

இவர்களுக்கு நடுவில் நான். கடிதங்களில் என் பெயருக்குக் கீழே ‘கண் தொழில்நுட்பவியலாளர்’ என்று இருக்கும். எத்தனை வரி தெரிகிறது என்று பார்ப்பேன், எந்த இலக்கக் கண்ணாடி என்று அளப்பேன், பார்வை கோணிப்போகும் வாக்குக்கண் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பேன், நேரே பார்க்கும்போது சுற்றிவர எவ்வளவு தெரிகிறது என்ற பார்வைப் புலத்தை அளக்கும் இயந்திரத்தை ஓட்டுவேன். அளப்பதுதான் என் வேலை. அளந்துவிட்டு, நோய் ஒன்றும் இல்லை என்று சொல்வது என் வேலை அல்ல.

இத்தனை பேரையும் சனம் டொக்டர் என்றுதான் கூப்பிடும். துண்டு கொடுத்து வரிசை விடுகிற கந்தசாமி அண்ணையையும் கூப்பிடும். அவர் சலிக்காமல், “நான் டொக்டர் இல்லையணை, டொக்டர் உள்ளை” என்று ஒரு நாளைக்கு நூறு தரம் சொல்லுவார். அவர் சொன்னார். நான் சொல்லவில்லை.

இந்தப் பழக்கம் எனக்கு வந்த விதத்தையும் சொல்லவேண்டும். கொழும்பில் இரண்டு வருடப் பயிற்சி. மேலே, கீழே, இடம், வலம், தெளிவு என்ற ஐந்து சிங்களச் சொற்களோடு சமாளித்துவிட்டு ஊருக்குத் திரும்பினேன். சண்டைக் காலம். எங்கள் ஆஸ்பத்திரியில் அப்போது கண் நிபுணர் இல்லை. பற்றறி தடைசெய்த பொருள். கண்ணுக்குள் வெளிச்சம் அடித்து இலக்கம் பார்க்கும் கருவி என் அலுமாரியில் பிணமாகக் கிடந்தது. அரிக்கன் லாம்பை நோயாளியின் தோளுக்குப் பின்னால் கொளுத்தி வைத்து, நடுவில் ஓட்டை உள்ள சின்ன முகக் கண்ணாடியால் அந்த வெளிச்சத்தைக் கண்ணுக்குள் திருப்பி இலக்கம் பார்த்தேன். அளவெட்டியில் இருந்தும் சாவகச்சேரியில் இருந்தும் சைக்கிளில் சனம் வந்தது. “டொக்டர், பிள்ளைக்குப் பலகை தெரியுதில்லை” என்று தாய் நிற்கும்போது, நான் டொக்டர் இல்லை என்று சொல்லி என்ன செய்வது? வேறு டொக்டர் எங்கே இருந்தார்? “ஓம், இருங்கோ” என்றேன். அப்போது அதில் பிழை இருந்ததாக இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. சண்டை முடிந்து, நிபுணர் வந்து, மின்சாரமும் இயந்திரமும் வந்த பிறகும் அதே ‘ஓம்’ என் வாயில் ஒட்டிக்கொண்டு நின்றதுதான் பிழை.

வந்த நிபுணர் என்னைவிடப் பன்னிரண்டு வயது குறைந்தவர். பெயர் வேண்டாம், சேர் என்றே சொல்கிறேன். மெலிந்த ஆள், சிரிப்புக் குறைவு. நோயாளி கதிரையில் இருந்தவுடன் கையைக் கழுவி, துவாயில் ஒவ்வொரு விரலாகத் துடைத்துவிட்டு, “நான் கண் டொக்டர். இண்டைக்கு உங்களை நான்தான் பாக்கிறன்” என்பார். எண்பது வயதுக் கிழவிக்கும் சொல்வார், கைக்குழந்தையின் தாய்க்கும் சொல்வார். பிறகு என்னைக் காட்டி, “இவர் பார்வை அளக்கிறவர். உவ மிஸ்ஸி” என்பார். கண்ணுக்குள்ளே பார்க்கும்போது ஒரு சொல்லும் கதைக்கமாட்டார். படம் எடுக்கும் இயந்திரம் இருந்தும், கண் நரம்பின் முகத்தைத் தன் கையால் பென்சிலில் நோயாளியின் அட்டையில் கீறுவார்: ஒரு பெரிய வட்டம், அதற்குள் ஒரு சின்ன வட்டம். அந்தச் சின்ன வட்டம் பெருக்கப் பெருக்க நரம்பு செத்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம்.

ஒரு நாள் ஒரு வயோதிபர் என்னிடம், “டொக்டர், கண்ணிலை வெள்ளை விழுந்திட்டுதோ?” என்று கேட்க, “கொஞ்சம் இருக்கு ஐயா” என்றேன். திரை மறைவுக்கு அந்தப் பக்கம் இருந்த சேர் எழும்பி வந்தார்.

“ஐயா, இவர் டொக்டர் இல்லை. டொக்டர் நான். வெள்ளை இருக்கோ இல்லையோ எண்டு நான் பாத்துச் சொல்லுறன்.”

வரிசையில் இருந்த அவ்வளவு பேருக்கும் கேட்டது. என் காது சுட்டது. நேற்றுப் படித்துவிட்டு வந்தவனுக்கு இவ்வளவு கொழுப்பா என்று மிஸ்ஸியிடம் புறுபுறுத்தேன். லாம்பு வெளிச்சத்தில் நான் கண் பார்த்த காலத்தில் உவர் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவர் என்றேன். பட்டத்தை யாரும் பறித்துவிடுவார்கள் என்ற பயம்தான் அவருக்கு என்று நெடுநாள் நம்பினேன்.

அந்த வருடம்தான் பிலோமினா அக்கா வந்தார். குருநகர். ஐம்பது வயது இருக்கும். கணவர் கடலுக்குப் போகிறவர். இவர் வீட்டில் இருந்து கிழிந்த வலை தைப்பார். வலைக்கண் தெரியுதில்லை என்பதுதான் முறைப்பாடு. தூரத்து எழுத்துகளைக் கடைசி வரிவரை பிசகாமல் சொன்னார். ஆறுக்கு ஆறு என்று எழுதினேன். கிட்டப் பார்வைக்குச் சோதனைப் பிரேமில் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, “முதலாவது நல்லமோ, ரெண்டாவது நல்லமோ?” என்று கேட்டேன். வாசிப்பு அட்டையை நீட்டினால் அவர் அதைத் தள்ளிவிட்டு, பையில் இருந்து ஒரு கைபிடி வலையை எடுத்து மடியில் விரித்தார்.

“உந்த எழுத்தை நான் என்ன செய்ய, டொக்டர்? எனக்கு உது தெரிஞ்சாச் சரி.”

இரண்டாம் இலக்க வில்லை போட்டதும் வலைக்கண் ஒவ்வொன்றையும் விரலால் எண்ணிவிட்டுச் சிரித்தார். “சேசுவே, புதுக்கண் மாதிரிக் கிடக்கு. டொக்டர், வேறை ஒண்டும் இல்லையோ?”

“ஒண்டும் இல்லை அக்கா. கண்ணாடி போட்டாச் சரி.”

அந்த ஒரு வரியைத்தான் நான் திருப்பி எடுக்க விரும்புகிறேன். எழும்பிப் போகும்போது இடப்பக்கம் இருந்த குப்பை வாளியைக் காலால் தட்டி விழுத்தினார். “கண்ணாடி வரமுந்தியே ஆட்டமோ?” என்று நான் பகிடி விட்டேன். அவரும் சிரித்துக்கொண்டே குனிந்து நிமிர்த்தி வைத்தார்.

எங்கள் ஒழுங்கு இதுதான்: நான் அளந்த பிறகு அட்டை சேரின் மேசைக்குப் போகும். நாற்பது தாண்டிய ஒவ்வொருவரின் கண் அழுத்தத்தையும் அவர் பார்ப்பார். அன்று பின்னேரம் பார்த்தால் பிலோமினா அக்காவின் அட்டை தொடாமல் கிடந்தது. கந்தசாமி அண்ணை கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார், ஆள் இல்லை. ஏன் நிற்கப்போகிறார்? டொக்டரைப் பார்த்தாயிற்று, டொக்டர் ஒன்றும் இல்லை என்று சொல்லியும் ஆயிற்று. கண்ணாடி இலக்கம் எழுதிய துண்டோடு பஸ் ஏறிப் போய்விட்டார். எனக்கு அது விளங்கியது. அடுத்த முறை வரும்போது பார்க்கலாம் என்று அட்டையை அலுமாரிக்குள் வைத்தேன்.

அடுத்த முறை அவர் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. நகரத்தில் ஒரு கண்ணாடிக் கடையில் பின்னேரங்களில் நான் இலக்கம் பார்த்துவந்தேன். அங்கே வந்தார். அங்கே வரிசை இல்லை, துண்டு இல்லை, காலைச் சாப்பாடு இல்லாமல் நிற்கத் தேவையில்லை. சேரும் இல்லை, அழுத்தம் பார்க்கும் கருவியும் இல்லை. கடை முதலாளி தொலைபேசியில், “டொக்டர் அஞ்சு மணிக்கு வருவார், வாங்கோ” என்று சொல்வது என் காதில் விழும். நான் வில்லைப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருப்பேன்.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வந்தார். வரும்போதெல்லாம் காய்ந்த இறால் ஒரு பொட்டலம். வெள்ளிக்கிழமை மீன், இறால் என்று மச்சம் ஒன்றும் வீட்டுக்குள் வரக்கூடாது என்பது என் மனைவியின் சட்டம் என்று ஒருநாள் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் வெள்ளிக்கிழமையில் வந்ததே இல்லை. இடையிடையே அயலில் உள்ளவர்களையும் கூட்டிக்கொண்டு வருவார். “எங்கடை டொக்டர், கை வைச்சாச் சரி” என்று அவர்களுக்குச் சொல்வார். ஆறுக்கு ஆறு, பிறகும் ஆறுக்கு ஆறு, பிறகு ஒரு கண் ஒரு வரி குறைந்து ஆறுக்கு ஒன்பது. கடையின் கண்ணாடிக் கதவில் அவர் இரண்டு முறை தோளை இடித்தார். துடைத்து வைத்த கதவு ஆளுக்குத் தெரியாதுதானே என்று முதலாளி சிவப்புத் தாள் ஒன்று வெட்டி அதில் ஒட்டினார். நானும் கதவைத்தான் குறை சொன்னேன்.

ஆறாம் வருடம் வந்தபோது அவர் சிரிக்கவில்லை.

“டொக்டர், இந்தக் கண்ணாடி பிழை. நேரை பாத்தாத் தெரியுது. பக்கத்தாலை வாற சைக்கிள் தெரியேல்லை. நேத்து ஒரு பொடியனோடை முட்டுப்பட்டு விழுந்திட்டன்.”

முழங்காலோடு முழங்கால் முட்ட அவருக்கு முன்னால் இருந்தேன். ஒரு கண்ணைப் பொத்தச் சொல்லி, “என்ரை மூக்கைப் பாருங்கோ. பக்கத்திலை விரல் ஆடுறது தெரிஞ்சாச் சொல்லுங்கோ” என்றேன். அவர் காதடியில் இருந்து விரலை ஆட்டிக்கொண்டு மெல்ல மெல்ல முன்னுக்குக் கொண்டுவந்தேன். அவர் என் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல் என் கன்னத்தடிக்கு வந்த பிறகுதான், “ஆ, இப்ப தெரியுது” என்றார். மற்றக் கண்ணும் அப்படித்தான். இதைச் செய்வதற்குக் கருவி ஒன்றும் தேவையில்லை. ஆறு வருடத்தில் எந்த நாளும் செய்திருக்கலாம்.

அடுத்த நாள் காலை நானே வாசலில் நின்று அவரைச் சேரிடம் கூட்டிப் போனேன். சேர் கையைக் கழுவினார், விரல்களைத் துடைத்தார். மரத்துப்போகும் மருந்தும் மஞ்சள் சாயமும் விட்டு, நீல வெளிச்சத்தில் கருவியின் முனையைக் கருவிழியில் மெல்ல முட்டவைத்து அழுத்தத்தை வாசித்தார். இரண்டாம் முறையும் வாசித்தார். இருக்கவேண்டியதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். பிறகு கண்ணுக்குள் நெடுநேரம் பார்த்தார். பென்சிலை எடுத்துப் பெரிய வட்டம் கீறினார். அதற்குள் அவர் கீறிய வட்டம் வெளி வட்டத்தோடு ஏறக்குறைய ஒட்டிக்கொண்டு நின்றது. மற்றக் கண்ணுக்கும் அதே படம். குளுக்கோமா. நோவு இல்லாமல், ஓரத்தில் இருந்து பார்வையைத் தின்றுகொண்டு நடுவுக்கு வருகிற வருத்தம். போன பார்வை திரும்பாது. இருப்பதைத் துளி மருந்தால் காப்பாற்றப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

“இவ்வளவு நாளும் ஆரிட்டைக் காட்டினீங்கள் அம்மா?” என்று சேர் கேட்டார்.

அவர் என் பக்கம் கையை நீட்டினார். முகத்தில் ஒரு பெருமை இருந்தது.

“இந்த டொக்டரிட்டைத்தான், பெரிய டொக்டர். ஒரு முறையும் தவறவிடேல்லை. வேறை ஒருத்தரிட்டையும் போகேல்லை.”

சேர் என்னைப் பார்க்கவில்லை. அட்டையைப் பார்த்துக்கொண்டு, “போய்ப் பார்வைப் புலம் எடுக்கிற மிசினைப் போடுங்கோ. இவவைப் பிறகு அனுப்பிறன்” என்றார்.

அந்த இயந்திரம் ஒரு வெள்ளைக் கோப்பையை ஆளின் முகத்துக்கு முன்னால் கவிழ்த்துப் பிடித்த மாதிரி இருக்கும். அதன் விளிம்பில் நாடியை ஊன்றி, நடுப்புள்ளியைப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். சுற்றிவரச் சின்ன வெளிச்சங்கள் மின்னி மறையும். தெரிந்தால் கையில் உள்ள பொத்தானை அமத்தவேண்டும். நல்ல கண் என்றால் பொத்தான் ஓயாமல் டிக் டிக் என்று கேட்கும். நான் திரையில் பார்த்துக்கொண்டிருக்கிறேன்: ஓரத்தில் ஒன்று மின்னுகிறது, சத்தம் இல்லை. மேலே ஒன்று, சத்தம் இல்லை. கீழே இன்னும் கூடின வெளிச்சம், சத்தம் இல்லை. அவர் பொத்தானை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார்.

“துவங்கிட்டியளோ டொக்டர்?” என்றார்.

துவங்கி மூன்று நிமிடம் ஆகியிருந்தது. “ஓம் அக்கா. நடுவைப் பாத்துக்கொண்டிருங்கோ” என்றேன். எனக்கு அழுகை வந்தது. அறை இருட்டாக இருந்தபடியால் ஒருவருக்கும் தெரியவில்லை.

அன்று கிளினிக் முடிந்த பிறகு சேர் இரண்டு கேள்விதான் கேட்டார்.

“கடையிலை அழுத்தம் பாக்கிற கருவி இருக்கோ?”

“இல்லை, சேர்.”

“அங்கை வாற ஆக்களுக்கு அது தெரியுமோ?”

சேர் கையைக் கழுவிவிட்டு, “அவவோடை நீங்கள் கதைக்கவேணும்” என்றார். “ஓம், சேர்” என்றேன். வேறு யாரிடமும் அவர் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அந்த மாதமே கடைக்குப் போவதை நிறுத்தினேன். பிலோமினா அக்காவோடு கதைப்பதை அடுத்த கிளினிக்குக்குத் தள்ளினேன். பிறகு அதற்கு அடுத்ததற்கு.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை மகள் றெஜினாவின் கையைப் பிடித்துக்கொண்டு பார்வைப் புலம் எடுக்க வருவார். வாசலில் நின்றே, “டொக்டர், நான் பிலோமினா” என்பார். நான் “ஓம், வாங்கோ அக்கா” என்பேன். இருத்துவேன், ஒரு கண்ணைப் பொத்துவேன், பொத்தானைக் கையில் கொடுப்பேன். போகும்போது, “அப்ப வாறன் டொக்டர்” என்று சொல்லிக் கொஞ்சம் நிற்பார். கால் வைக்க இடம் தேடுகிறார் என்று நினைத்துக் கதவைத் திறந்துவிடுவேன். நான் ஓய்வுபெறும்வரை இப்படித்தான் நடந்தது. மருந்துத் தட்டுப்பாடு வந்த வருடம் துளி மருந்து பல மாதம் கிடைக்கவில்லை. மிச்சம் இருந்த பார்வையும் அதோடு போனது.

தர்சினிக்கு எழுதிய இரண்டு பக்கத்தையும் கிழித்துப் போட்ட பிறகு நான் போன இடம் குருநகர். மானிப்பாயில் இருந்து காலை பஸ்ஸில் போனேன். அவர் உள்கூடத்தில் கதிரையில் இருந்தார். மடியில் வலை. கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு விரல்களால் கிழிசலைத் தேடித் தைத்துக்கொண்டிருந்தார். என் குரலைக் கேட்டதும் கை நின்றது.

“டொக்டரோ? றெஜினா, டொக்டருக்குக் கதிரை குடு.”

இருந்தேன். பஸ்ஸில் நான் அடுக்கி வைத்த வசனம் ஒன்றும் வாயில் வரவில்லை.

“அக்கா, நான் டொக்டர் இல்லை. ஒருநாளும் டொக்டரா இருக்கேல்லை. இலக்கம் அளக்கிறதுதான் என்ரை வேலை. முதல் நாளே உங்களைப் பெரிய டொக்டரிட்டை அனுப்பியிருக்கவேணும். அனுப்பியிருந்தா உங்களுக்கு இப்பவும் கண் தெரிஞ்சிருக்கும்.”

அவர் வலையை மடித்தார். அவசரப்படவில்லை.

“தெரியும்” என்றார். “நீங்கள் மிசினைப் போடப் போகேக்கை பெரிய டொக்டர் எல்லாம் சொன்னவர். உவர் டொக்டர் இல்லை அம்மா, இந்த வருத்தம் பாக்கிறது அவரின்ரை வேலை இல்லை எண்டு.”

“அண்டைக்கே தெரியுமோ? அப்ப ஏன் அதுக்குப் பிறகும் என்னை டொக்டர் எண்டு கூப்பிட்டனீங்கள்?”

“நீங்களா இல்லையெண்டு சொல்லுவியள் எண்டுதான். ஒவ்வொரு முறையும் கூப்பிட்டிட்டு நிண்டனான். நீங்கள் கதவைத் திறந்து விட்டியள்.”

மன்னிப்புக் கேட்டேன். அவர் “ம்” என்றார். மன்னித்ததாகவும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. றெஜினா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். குடித்து முடித்துக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

“உங்கடை வேலைக்கு என்ன பேர்?” என்று கடைசியில் கேட்டார். சொன்னேன். ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்துவிட்டு, “நீளமாக் கிடக்கு. எண்டாலும் சொல்லியிருக்கலாம்” என்றார்.

எழும்பி வெளியே வந்து செருப்பைப் போட்டேன். உள்ளே அவர் மகளுக்குச் சொல்வது கேட்டது.

“றெஜினா, அவர் போறார். கேற்றைத் திறந்து விடு.”